கொழும்பு வெயிலுக்கு ஒரு கெட்டி மெழுகு

பங்குனி, சித்திரை வெயிலில் நிமிர்ந்து நிற்கிற மெழுகுதிரி வேண்டுமென்றால் வெறும் பரபின் மெழுகு போதாது. கொட்டாஞ்சேனையில் வீட்டோடு திரி வார்த்து விற்கிற எனக்கு இது பிழைப்புப் பிரச்சினை. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர்கள் நீட்டுத் திரியைத்தான் தேடுவார்கள். தகரக் கூரைக்குக் கீழே அடுக்கிவைத்தால் மத்தியானத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் தொய்ந்துபோகும். மெழுகைக் கெட்டியாக்கச் சேர்க்கும் ஸ்டியரிக் அசிட் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான்.

இப்போது நான் கலப்பது தென்னாபிரிக்காவின் சாசோல் நிறுவனத்தின் கெட்டி மெழுகு. புறக்கோட்டையில், பழைய சோனகத் தெருப் பக்கம் ஒரு கெமிக்கல் கடையில் கிலோக் கணக்கில் நிறுத்துத் தருகிறார்கள். பார்வைக்குச் சவ்வரிசி போல வெள்ளை மணிகள். நகத்தால் அழுத்தினால் தடம் விழாது. உள்ளங்கையில் மூடி வைத்திருந்தாலும் பிசுபிசுப்பு வராது. நாம் வழக்கமாக வாங்கும் 58-60 மெழுகு அறுபது பாகைக்கே உருகிவிடும். இதுவோ நூறு பாகையை ஒட்டித்தான் உறையும்.

அதனால் உருக்குவதில்தான் எல்லாம் இருக்கிறது. தண்ணீர்ச் சட்டிக்குள் பாத்திரத்தை வைத்து உருக்கும் நம் வழக்கமான முறைக்கு இது மசியாது, தண்ணீரே நூறில் கொதித்துவிடுகிறதே. தடித்த அடிப் பாத்திரத்தில் இந்த மணிகளையும் கொஞ்சம் பரபினையும் போட்டு, மிகச் சிறு நெருப்பில், வெப்பமானியை உள்ளே விட்டபடியே 110 வரை கொண்டுபோகிறேன். அடுப்பை விட்டு அசையக் கூடாது, பக்கத்தில் பாத்திரத்துக்குப் பொருந்துகிற மூடி இருக்க வேண்டும், பிள்ளைகள் அந்தப் பக்கமே வரக் கூடாது. தெளிந்த பிறகு, ஏற்கெனவே நன்றாகச் சூடேறிய மற்ற மெழுகோடு கலக்க வேண்டும். ஆறின மெழுகில் ஊற்றினால் உடனே வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதக்கும்.

ஒரு கிலோவுக்கு முப்பது கிராம் எனக்குச் சரியாக இருக்கிறது. திரி அச்சிலிருந்து சத்தமில்லாமல் வழுகி வருகிறது. மேற்பரப்பில் ஒரு பளபளப்பு, நிறமும் பால் வெள்ளை. வெயிலிலும் நிமிர்ந்தே நிற்கிறது. ஆனால் உருகுநிலை ஏறுவதால் பழைய நூல் சுடர் குன்றி எரியும், ஒரு அளவு தடித்த நூலுக்கு மாற வேண்டும். அளவைக் கூட்டினால் இன்னும் நல்லது என்று நினைக்காதீர்கள், திரி வெடிப்பு விடும்.

கடை நானா இதை "கல்லுக்கரியில செஞ்சது தங்கச்சி, பெற்றோல் கம்பனி மாதிரி இல்ல" என்று சொல்லித்தான் விற்கிறார். பாதி சரி. சாசோல் 1950இல் தொடங்கி 1955இல் நிலக்கரியிலிருந்து பெற்றோல் எடுத்த நிறுவனம்தான். சொந்தச் சுரங்கத்தில் கரி வெட்டி, அதை நீராவியோடும் ஒட்சிசனோடும் சேர்த்து வாயுவாக்கி, இரும்பு ஊக்கியின் மேல் செலுத்தினால் அந்த வாயுவிலுள்ள காபன் அணுக்கள் குட்டையும் நீளமுமான சங்கிலிகளாகக் கோத்துக்கொள்ளும். ஃபிஷர், ட்ரொப்ஷ் என்ற இரண்டு ஜேர்மன் விஞ்ஞானிகள் 1920களில் கண்ட வழி அது. குட்டைச் சங்கிலி பெற்றோலாகும், நடுத்தரம் டீசலாகும், நெடுஞ்சங்கிலி என் பாத்திரத்துக்கு வரும் மெழுகு. சவர்க்காரத் தூளுக்குப் போகும் அல்ககோல் வகைகளையும் அதே கம்பனி செய்கிறது. எரிபொருளும் இரசாயனமும் ஒரே கூரையின் கீழ் என்பதன் பொருள் எனக்கு இந்த மணிகளைக் கையில் எடுத்த பிறகுதான் பிடிபட்டது.

மற்றப் பாதி: மெழுகு செய்யும் சாசோல்பேர்க் ஆலை 2004இலேயே இயற்கை வாயுவுக்கு மாறிவிட்டது. மொசாம்பிக்கிலிருந்து 865 கிலோமீற்றர் குழாயில் வருகிற வாயு. கரியை நம்பியிருப்பது செகுண்டாவில் உள்ள பெரிய ஆலை. உலகத்திலேயே ஒரே இடத்திலிருந்து மிக அதிகமாகக் காபனீரொட்சைட்டு கக்குகிற ஆலைகளில் அதுவும் ஒன்று என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோயில் விளக்குக்குப் போகிற பொருள் என்பதால் அது எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. தேங்காயெண்ணெய்க்கு மாறலாமென்றால், அது விற்கிற விலைக்கு அந்த வழியும் இல்லை.

கடையைப் பற்றி: நிறுவை சுத்தம், பேச்சும் மரியாதை. ஆனால் மூட்டையைப் பிரித்து, பெயரில்லாத பொலித்தீன் பையில் கட்டித் தருவது எனக்குப் பிடிக்கவில்லை. பக்கத்துத் தட்டில் தோலைப் பொசுக்கும் கோஸ்டிக் சோடாவும் வெள்ளையாகத்தான் இருக்கிறது! மூட்டையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், காட்டுவார். பைமேல் பேனாவால் எழுதித் தரவும் சொல்லுங்கள்.

விலை பரபினைவிட இரண்டு மடங்குக்கு மேல். நீட்டுத் திரிக்கும் பீடத் திரிக்கும் அது பெறுமதி. கண்ணாடிக் குவளையில் ஊற்றும் வாசனைத் திரிக்கு வாங்கினால் காசு வீண், அங்கே தாங்குவதற்குக் குவளை இருக்கிறது. ஜூன் 13 அந்தோனியார் திருநாளுக்கு வார்ப்பவர்கள் மே தொடக்கத்திலேயே நானாவிடம் சொல்லி வையுங்கள், கடைசி நேரத்தில் கையிருப்பு முடிந்துவிடும்.