அரச ஆய்வு மானியம்: மாரி காலத்தில் கைவிடும் ஒரு நல்ல உதவி

அண்மையில் பட்டம் முடித்த தங்கச்சி ஒருத்தி, "அக்கா, எம்.பில். செய்ய யோசிக்கிறன், அரசாங்க மானியத்துக்கு எழுதலாமா?" என்று கேட்டிருந்தாள். கிழக்கிலங்கையில் வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் விஞ்ஞானம் படித்து முடித்த பலரிடம் இதே கேள்வி இருக்கும் என்பதால், மட்டக்களப்பு வாவியின் நீரை ஆய்வு செய்ய அப்படியொரு மானியத்தை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியவள் என்ற முறையில் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கே விண்ணப்பிப்பது என்பது பெரிய இரகசியமில்லை. தேசிய விஞ்ஞான மன்றம் இருக்கிறது. 1999இல் உருவான தேசிய ஆராய்ச்சிப் பேரவை இருக்கிறது. விவசாயத் துறைக்கெனத் தனியாக ஒரு சபை இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்குள்ளேயும் சிறு மானியங்கள் உண்டு. நான் பெற்றது இவற்றுள் எது என்பது இங்கே முக்கியமில்லை. முக்கியமானது, இத்தகைய ஆய்வு மானியங்களுக்குப் பொதுவாக மாணவர் விண்ணப்பிப்பதில்லை, நிரந்தரப் பதவியிலுள்ள விரிவுரையாளர் முதன்மை ஆய்வாளராக நின்று விண்ணப்பிக்கிறார் என்பதுதான். மானியம் கிடைத்த பின்னரே மாணவர் ஆய்வுதவியாளராகச் சேர்ந்து, மாதக் கொடுப்பனவோடு பட்டத்துக்கும் பதிவு செய்கிறார். ஆகவே மானியம் தேடுவது என்பது பெரும்பாலும் மேற்பார்வையாளரைத் தேடுவதே. விண்ணப்பம் கோரும் அறிவித்தல் பத்திரிகையில் வரும்வரை காத்திராமல், அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே ஒருவரிடம் போய்ப் பேசி, முன்மொழிவின் முதல் வரைவை நீங்களே எழுதிக் கொடுப்பதுதான் நடைமுறையில் பலன் தரும் வழி.

இந்த ஏற்பாட்டில் நான் சற்றும் எதிர்பாராமல் கிடைத்த நன்மை, எங்கள் முன்மொழிவை மதிப்பிட்ட பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவரின் குறிப்பு. பணம் தருவதற்காக ஒப்புக்கு எழுதப்பட்ட குறிப்பாக அது இருக்கவில்லை. வாவியை அறிந்த ஒருவர் வரிவரியாகப் படித்து எழுதியிருந்தார். கடல்நீர் கனமானது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் திறந்ததும் அது அடியால் புகும், மேல்நீரை மட்டும் அள்ளிவிட்டு வாவியின் உவர்த்தன்மை பற்றி என்ன சொல்ல முடியும் என்று கேட்டு, அடிநீர் எடுக்கும் கருவிக்கென ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்ளுமாறும் பரிந்துரைத்திருந்தார். அந்த ஒரு பத்தி என் ஆய்வின் போக்கையே மாற்றியது. தோணியில் இருந்தபடி மாதிரிப் போத்தலுக்குள் மங்கனீசு சல்பேற்றையும் கார அயடைட்டையும் விட்டால், நீரில் ஒட்சிசன் இருக்கும்போது கபில நிறத்தில் வீழ்படிவு இறங்கும். இல்லாவிட்டால் அது வெள்ளையாகவே நிற்கும். ஒரே இடத்தில் மேலிருந்து எடுத்த போத்தல் கபிலமாகவும், அடியிலிருந்து எடுத்தது பால் வெள்ளையாகவும் பக்கத்தில் பக்கத்தில் நின்றதைப் பார்த்த அன்றுதான், கரையோரத்தில் மீன் செத்து மிதப்பதைப் பற்றி நான் அதுவரை கேட்டிருந்த கதைகளின் காரணம் கண்முன்னே தெரிந்தது. இதற்காக அந்த மதிப்பீட்டாளருக்கும், அவரைத் தெரிவு செய்த முறைக்கும் நான் என்றும் நன்றியுடையவள்.

பணத்தின் அளவைப் பற்றியும் நான் அதிகம் குறைகூற மாட்டேன். ஆராய்ச்சிக்கு நாடு செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தை அண்டியே பல ஆண்டுகளாக நிற்கிறது. அதிலிருந்து பங்கு கிடைப்பதே பெரிது. 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து சில வாரங்களில் 360க்கு மேல் போனபோது, இரசாயனங்களுக்கு ரூபாயில் ஒதுக்கிய பணத்தின் டொலர் மதிப்பு முன்பிருந்ததில் பாதியைவிடச் சற்றே அதிகம் என்ற அளவுக்குச் சுருங்கியது. அது எல்லோருக்கும் வந்த துன்பம், யாரையும் நோவதற்கில்லை.

என்னால் பொறுக்க முடியாதது நாட்காட்டி. அரசின் நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. டிசம்பர் பிறந்ததும் கணக்கு முடிக்கும் சுற்றறிக்கை வரும். கையிலுள்ள முற்பணத்தை வவுச்சர்களோடு தீர்க்க வேண்டும், புதிய முற்பணம் கிடையாது, மூன்று இடங்களில் விலை கேட்டு அனுப்பிய கொள்வனவுக் கோப்பும் அப்படியே திரும்பி வரும். புதிய ஆண்டின் தவணை திறைசேரியிலிருந்து இறங்கி, மானியம் தரும் நிறுவனத்தையும் பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவையும் கடந்து எங்கள் கைக்கு வரும்போது மாரி முடிந்திருக்கும். மட்டக்களப்பிலோ ஆண்டு மழையின் பெரும்பகுதி நவம்பரிலிருந்து ஜனவரி வரைதான் பெய்கிறது. ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம் வரை 56 கிலோமீற்றர் நீளும் வாவியில் வெள்ளம் ஏறி, பாலமீன்மடுவில் மணல்திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுவதும் அந்த நாட்களில்தான். நன்னீர் வடிந்து கடல்நீர் புகும் அந்தச் சில நாட்களை அளக்கத்தான் மானியமே தரப்பட்டது. அந்த நாட்களில்தான் மானியத்தைத் தொட முடியாது. கொழும்பிலுள்ள ஓர் ஆய்வுகூடத்துக்கு ஜனவரியில் செய்வதை ஏப்ரலில் செய்வது வெறும் தாமதம். எங்களுக்கு ஒரு மாரி போனால் ஓர் ஆண்டே போய்விடும்.

தோணிக்காரர் ஒருவரின் பொறுமையால்தான் என் தரவுகள் இன்று முழுமையாக இருக்கின்றன. கூலி பாக்கி இருக்கும்போதே அவர் தொலைபேசியில் அழைத்து, "சல்லிக்கு என்ன அவசரம் மகள், நாளைக்கு விடிய வெட்டுறாங்களாம், வாறீங்களா?" என்று கேட்டார். நாட்கூலிக்கு வலை இழுக்கும் ஒருவர், திறைசேரி தவணை விடும்வரை ஓர் அரச ஆய்வுக்குக் கடன் கொடுத்தார். அவருக்குரிய பணம் மார்ச் மாதத்தில் வந்தபோது, அச்சிட்ட பற்றுச்சீட்டு இல்லையென்று கோப்பில் ஒரு கேள்வியும் கூடவே வந்தது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

இதைத் திருத்துவது பெரிய காரியம் என்று நான் நம்பவில்லை. களவேலை உள்ள ஆய்வுகளுக்கு நவம்பரிலேயே மாரிகாலச் செலவை முற்பணமாகத் தந்து, கணக்கை ஏப்ரலில் தீர்க்க அனுமதித்தால் போதும். முன்னேற்ற அறிக்கைகளில் இதை எழுதியிருக்கிறோம், நேரில் கேட்டபோதும் சொல்லியிருக்கிறோம். ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டார்கள்; அடுத்த டிசம்பரில் அதே சுற்றறிக்கை வந்தது.

ஆகவே தங்கச்சிக்கு நான் சொன்ன பதில் இது. மேற்பார்வையாளரிடம் ஏற்கெனவே நடக்கும் மானியம் ஒன்று இருந்தால் உடனே சேர்ந்துகொள். மதிப்பீட்டாளரின் குறிப்புகளை ஒன்றுக்கு இரண்டு முறை படி. பல்கலைக்கழகத்துக்குள் அப்படியொரு கவனமான வாசிப்பு எளிதில் கிடைக்காது. ஆனால் புதிதாக எழுதுவதாயின், இப்போதைய விதிகளின் கீழ், வாவியைத் தலைப்பாக வைக்காதே. ஆய்வுகூடத்துக்குள் முடியும் ஒன்றை எழுது. இந்த வாவியைப் படிக்க இன்னும் பத்துப் பேர் வரவேண்டும் என்று விரும்பும் நானே இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறது. நவம்பரில் முற்பணம் தருவோம் என்று எந்த நிறுவனமாவது எழுத்தில் சொன்னால், அன்றே அவளை அழைத்து இந்தப் பதிலை மாற்றிக்கொள்வேன்.