பழைய எக்ஸ்1, க்யூ3, ஜிஎல்ஏ, எக்ஸ்சி40: எதை நம்பிப் பணம் கொடுக்கலாம்?

இரண்டாம் தலைமுறை பிஎம்டபிள்யூ எக்ஸ்1 2016-ல் இந்தியச் சந்தைக்கு வந்தபோது அதன் தொடக்க விலை 29.9 லட்சம். 2018-ல் வந்த வால்வோ எக்ஸ்சி40 39.9 லட்சம். சாலை வரியும் காப்பீடும் தனி. இன்று அந்தக் கார்களை எல்லா வசதிகளும் கொண்ட ஒரு புதிய கிரெட்டாவின் விலையை ஒட்டியே வாங்கிவிடலாம். ஆடி க்யூ3, மெர்சிடிஸ் ஜிஎல்ஏ ஆகியவற்றின் முதல் தலைமுறை இன்னும் கீழே இறங்கிவிட்டது. ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். பாதி விலைக்கு வாங்கிய காருக்கு ஹெட்லைட்டைப் பாதி விலைக்கு யாரும் தரமாட்டார்கள்.

அதனால் இந்த நான்கையும் ஒப்பிடும்போது நான் முதலில் கியர்பாக்ஸைப் பார்க்கிறேன். அடுத்து சர்வீஸ் பதிவேடு. முன்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னத்துக்கு மூன்றாவது இடம்தான். விற்பனைக்காரர்கள் இந்த வரிசையை அப்படியே தலைகீழாக்கிப் பேசுவார்கள்.

கியர்பாக்ஸை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், பழைய சொகுசுக் காரில் மிகப் பெரிய செலவைக் கொண்டுவரக்கூடியது அதுதான். க்யூ3, ஜிஎல்ஏ இரண்டிலும் இருப்பது இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படை கியர்களுக்கு இன்னொன்று. நெடுஞ்சாலையில் இதன் வேகம் அலாதியானது. கியர் மாறுவதே தெரியாது. ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் மாலை ஆறு மணிக்கு ஊர்ந்து போகும்போது, கிளட்ச் பாதி பிடித்தும் பாதி விட்டும் தேய்ந்துகொண்டே இருக்கிறது. இரண்டாம் தலைமுறை எக்ஸ்1 டீசலிலும் 2018-ன் எக்ஸ்சி40 டீசலிலும் இருப்பது 8 கியர் கொண்ட டார்க் கன்வெர்ட்டர் வகை. ஊர்ந்து போகும்போது இதில் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது. அந்த வேலைக்குத் தேயும் கிளட்ச் இல்லை. நகர நெரிசலில் பல வருடம் ஓடிய காரை வாங்கப்போகிறவருக்கு இந்த வேறுபாடு மிகப் பெரியது.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. 2020-ல் முகம் மாற்றி வந்த எக்ஸ்1-ன் பெட்ரோல் மாடலில் இருப்பது 7 கியர் இரட்டை கிளட்ச். டீசலில் பழைய 8 கியரே தொடர்ந்தது. "எக்ஸ்1 கியர்பாக்ஸுக்குக் கவலையே இல்லை" என்று ஒருவர் சொன்னால், எந்த ஆண்டு, எந்த எரிபொருள் என்று கேளுங்கள்.

எக்ஸ்1-ல் தலைமுறையைப் பார்ப்பதும் கட்டாயம். 2010 இறுதியில் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை பின்சக்கர இயக்கம் கொண்டது. எஞ்சின் நீளவாக்கில் இருக்கும். ஓட்டுவதற்கு அந்த நான்கு பெயர்களிலேயே இனிமையானது அதுதான் என்று இன்றும் சொல்வேன். ஆனால் அதன் 2 லிட்டர் டீசல் எஞ்சினில் டைமிங் செயின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கம் அமைந்திருக்கிறது. செயின் தளர்ந்தால் அதைத் தொடவே கியர்பாக்ஸையோ எஞ்சினையோ கழற்ற வேண்டும். அறுந்தால் எஞ்சினே போய்விடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை முதல்முறை இயக்கும்போது பின்பக்கத்திலிருந்து உரசல் போன்ற சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். நீங்கள் போகும் முன்பே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் போங்கள்.

2016-க்குப் பின் வந்த இரண்டாம் தலைமுறை வேறு கார். முன்சக்கர இயக்கம், குறுக்காக வைத்த எஞ்சின், அதனால் உள்ளே தாராளமான இடம். டிக்கி 505 லிட்டர். பின் இருக்கையில் கால் நீட்ட இடமும், வயதானவர்கள் குனியாமல் ஏறி அமரும் உயரமும் உண்டு. டீசல் 190 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. செங்கல்பட்டு அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில்தான் இந்திய எக்ஸ்1 பாகங்களைப் பொருத்தி உருவாக்கப்படுகிறது. அதற்காகத் தமிழ்நாட்டில் பாகங்கள் மலிவாகிவிடாது. அப்படிச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். இந்தக் காரின் குறை டயர். காற்று போனாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர்களின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் மோசமான சாலையில் அதிர்வு உள்ளே வரும். நான்கையும் ஒன்றாக மாற்ற நேர்ந்தால் செலவு கணிசமானது. டயர் தேய்ந்த காரை அந்தத் தொகையைக் கழித்தே விலை பேச வேண்டும்.

இன்னொன்று. பிஎம்டபிள்யூ டீசல்களில் வெளியேற்ற வாயுவைக் குளிர்விக்கும் பாகம் கசிந்து தீப்பிடிக்கும் அபாயம் இருந்ததால், 2018-ல் அந்த நிறுவனம் உலக அளவில் சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. நீங்கள் பார்க்கும் கார் அதில் வருகிறதா, வேலை முடிந்துவிட்டதா என்பதைச் சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் மையத்தில் கேட்டுவிடலாம்.

க்யூ3 பற்றி மக்களிடம் ஒரு பயம் இருக்கிறது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 7 கியர் உலர் கிளட்ச் பெட்டி இந்தியாவில் பலருக்குத் தலைவலி கொடுத்தது. அந்தக் கெட்ட பெயர் க்யூ3 மீதும் விழுந்துவிட்டது. க்யூ3-ல் அந்தப் பெட்டி இல்லை. 2 லிட்டர் டீசல் குவாட்ரோவில் (ஆடியின் நான்கு சக்கர இயக்கத்துக்கு அந்தப் பெயர்) இருப்பது எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட 7 கியர். 2017-ல் வந்த 1.4 லிட்டர் பெட்ரோலில் எண்ணெய்க் கிளட்ச் கொண்ட 6 கியர். இரண்டும் உறுதியானவை, ஒரு நிபந்தனையோடு: 60,000 கி.மீ.க்கு ஒருமுறை கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியிருக்க வேண்டும். 90,000 ஓடிய காரில் அந்த ரசீது இல்லையென்றால் எனக்கு அந்தக் கார் வேண்டாம். குவாட்ரோவில் பின்சக்கரங்களுக்கு விசை அனுப்பும் இணைப்புக்கும் தனியாக எண்ணெய் உண்டு. இந்த வேலையை மறந்தே விடும் பட்டறைகள் ஏராளம்.

2015-ல் வெடித்த டீசல் மாசு மோசடியில் சிக்கிய எஞ்சின் வகைதான் முதல் க்யூ3-ன் 177 குதிரைத்திறன் டீசலிலும் இருந்தது. இந்தியாவில் அந்தக் குழுமம் 3,23,700 கார்களைத் திரும்ப அழைத்து மென்பொருள் மாற்றுவதாக அறிவித்தது. இதையும் சர்வீஸ் பதிவில் பாருங்கள். உள்ளலங்காரம் பழசாகத் தோன்றினாலும் கதவு மூடும் சத்தத்திலேயே அந்தக் காரின் கட்டுமானம் தெரியும். வால்பாறைக்கோ கொடைக்கானலுக்கோ மழைக்காலத்தில் அடிக்கடி ஏறுகிறவருக்கு, நன்றாகப் பராமரித்த குவாட்ரோ டீசல் இந்த விலையில் கிடைக்கும் அருமையான கார். சமவெளியிலேயே ஓடுகிறவருக்கு அந்த நான்கு சக்கர இயக்கத்தால் பராமரிப்பும் எடையும்தான் கூடும். 2022-ல் வந்த இரண்டாம் தலைமுறை 190 குதிரைத்திறன் பெட்ரோல் குவாட்ரோ மட்டுமே. 2020 ஏப்ரலுக்குப் பின் ஆடி இந்தியாவில் டீசலைக் கைவிட்டுவிட்டது.

ஜிஎல்ஏ விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன்: 2014-ல் வந்த முதல் தலைமுறையைக் குடும்பத்துக்காக வாங்காதீர்கள். அது சற்றே உயர்த்தப்பட்ட ஹேட்ச்பேக்தான். கூரை தாழ்வு, பின்னால் இடம் குறைவு, டிக்கி 421 லிட்டர். '200' என்ற டீசல் மாடல் 136 குதிரைத்திறன் மட்டுமே. எஞ்சின் நீடித்து உழைக்கும், ஆனால் சத்தமும் அதிகம், சோம்பலும் அதிகம். சாலையில் மெர்சிடிஸ் நட்சத்திரத்துக்குக் கிடைக்கும் மரியாதைக்காக மட்டும் பணம் கொடுக்கிறோம் என்ற தெளிவோடு வாங்கினால் சரி. 2021-ல் வந்த இரண்டாம் தலைமுறை முந்தையதைவிட 10 செ.மீ.க்கு மேல் உயரம், பின் இருக்கையும் மனிதர்கள் அமரக்கூடியது. அதில் 220டி டீசல்தான் என் கண்ணுக்குப் பட்டது: 190 குதிரைத்திறன், 8 கியர் இரட்டை கிளட்ச். 1.3 லிட்டர் பெட்ரோல் நகரத்துக்குப் போதும்.

எக்ஸ்சி40-ன் தரை இடைவெளி 211 மி.மீ. நம் ஊர் வேகத்தடைகளுக்கு இதைவிடப் பொருத்தமான உயரம் இந்த வரிசையில் இல்லை. எக்ஸ்1 183 மி.மீ.தான். வால்வோவின் முன் இருக்கைகள் நான்கிலும் தலைசிறந்தவை. நீண்ட பயணத்தில் முதுகு நன்றி சொல்லும். 2018 டீசலில் நான்கு சக்கர இயக்கமும் 400 நியூட்டன் மீட்டரும் உண்டு. 2019 இறுதியில் வந்த டி4 (T4) பெட்ரோல் முன்சக்கர இயக்கம், 190 குதிரைத்திறன். மறுவிற்பனையில் வேகமாக விலை இறங்குவது வால்வோதான். வாங்குகிறவருக்கு அது லாபம். ஆனால் சர்வீஸ் மையங்கள் மிகக் குறைவு. சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. தேனியிலோ பட்டுக்கோட்டையிலோ இருப்பவர், ஒரு சென்சார் கெட்டால் வண்டியை எத்தனை கி.மீ. இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று முதலில் வரைபடத்தில் பார்த்துவிட வேண்டும்.

எனவே என் வரிசை இது. வாரம் ஒருமுறையாவது நெடுஞ்சாலை ஏறும் குடும்பத்துக்கு 2016-க்குப் பிந்தைய எக்ஸ்1 டீசல். சர்வீஸ் மையம் உள்ள ஊரில், பெரும்பாலும் நகரத்துக்குள் ஓட்டுகிறவருக்கு எக்ஸ்சி40 பெட்ரோல். மலைப்பாதைக்காரருக்கு ரசீதுகள் உள்ள க்யூ3 குவாட்ரோ. ஜிஎல்ஏ வேண்டுமென்றால் 2021-க்குப் பிந்தையது.

டீசலா பெட்ரோலா என்பதை ஆசையை வைத்து முடிவு செய்ய முடியாது. தினமும் நான்கு கி.மீ. பள்ளிக்கும் கடைக்கும் போய்வரும் டீசல் காரில், புகைத் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி எரிந்து சுத்தமாக நேரமே கிடைக்காது. அது அடைத்துக்கொள்ளும். சில பட்டறைகள் அதை அறுத்தெறிந்துவிட்டுச் சரிசெய்ததாகச் சொல்வார்கள். அப்படிச் செய்த காரைத் தொடாதீர்கள். பெட்ரோல் பக்கம் எத்தனால் கேள்வி இருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்களில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான காரென்றால் எரிபொருள் மூடியின் உட்புறத்திலும் கையேட்டிலும் எத்தனை சதவீதம் வரை அனுமதி என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

டெல்லி கார்கள் தமிழ்நாட்டுச் சந்தையில் நிறைய வருகின்றன. அங்கே 10 ஆண்டு கடந்த டீசலுக்குத் தடை என்ற உத்தரவை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு அங்கே டீசல் கார்களின் விலை இறங்கியது. கார் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அங்கிருந்து என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்யும்போது சாலை வரி கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்குத் தமிழ்நாட்டில் 20 சதவீதம். வயதுக்கேற்பக் குறைந்தாலும் தொகை லட்சங்களில் வரலாம். புரோக்கர் சொல்லும் விலையோடு இதைக் கூட்டிய பிறகும் மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

சென்னைக் காரென்றால் கேள்வி வெள்ளம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நீரில் நின்ற கார்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இத்தகைய கார்களில் மின் கம்பிகளும் கணினிப் பெட்டிகளும் தரைவிரிப்புக்கு அடியில் நிறைய ஓடுகின்றன. நனைந்த கம்பி இரண்டு ஆண்டு கழித்துக்கூட அரித்துப் பழுதாகும். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்து அடிநுனியில் சேற்றுக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியையும், இருக்கையின் அடிச்சட்டத் துருவையும் பாருங்கள். காப்பீட்டில் பெரிய தொகை கோரப்பட்டிருக்கிறதா என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

ஓடோமீட்டர் திருத்தம் இந்தச் சந்தையின் தொழுநோய். பிஎம்டபிள்யூ சாவியிலேயே ஓடிய தூரம் பதிவாகியிருக்கும்; சர்வீஸ் மையத்தில் படித்துச் சொல்வார்கள். மற்றவற்றுக்கும் நிறுவனத்தின் பதிவேட்டில் ஒவ்வொரு சர்வீஸின்போதும் இருந்த கி.மீ. கிடைக்கும். சில ஆயிரம் ரூபாய் கட்டி அங்கேயே முழுச் சோதனை செய்துகொள்ளலாம். வேண்டாம் என்று விற்பவர் தயங்கினால் அடுத்த காரைப் பார்க்கப் போய்விடுங்கள்.

காகிதங்களில் வங்கிக் கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்கான 29, 30-ம் விற்பவர் கையெழுத்தோடு கையில் வந்த பிறகே முழுப் பணம் கொடுங்கள். காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இழப்பீடு கோராமல் இருந்ததற்காகப் பழைய உரிமையாளருக்குக் கிடைத்த பிரீமியம் சலுகை (நோ கிளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது, அது அவருடனேயே போய்விடும். ஆகவே பிரீமியம் அவர் கட்டியதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

விலை பேசும்போது 2025 செப்டம்பர் 22-ஐ நினைவில் வையுங்கள். அன்றுதான் பெரிய கார்கள் மீதிருந்த ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்த சுமை 40 சதவீதமாகக் குறைந்து, புதிய எக்ஸ்1, ஜிஎல்ஏ, க்யூ3 எல்லாமே லட்சக்கணக்கில் விலை இறங்கின. பல உரிமையாளர்கள் இன்னும் தாங்கள் வாங்கிய காலத்துப் பழைய விலையிலிருந்தே கழித்துக் கணக்குச் சொல்கிறார்கள். இன்றைய ஷோரூம் விலைப்பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.