வங்காலைப் புல்வெளியில் ஒரு காலை

மன்னார்ப் பக்கத்து வங்காலையில் பறவை பார்க்கக் கூட்டிப்போகும் தம்பி ஒருவரோடு மார்ச்சில் போனோம். ஆளுக்கு 1,000 ரூபா. 2010 இல் ராம்சார் ஈரநிலமான, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த, இந்தச் சரணாலயம் 4,839 ஹெக்டேயர். எல்லோரும் பூநாரைக்காக வருவார்கள்; எனக்குப் பிடித்தது புல்வெளிதான். அதில் நடக்கும்போது தம்பி திடீரென்று கையை நீட்டி மறித்தார். என் செருப்புக்கு ஒரு சாண் முன்னால், சிறு கற்களுக்கு நடுவே, ஆட்காட்டியின் புள்ளி போட்ட நாலு முட்டைகள். தாய்ப்பறவை தலைக்கு மேலே கத்திக்கொண்டே இருந்தது. படம் எடுக்க விடாமல் பின்னால் கூட்டிப்போனார். அது சரிதான். வழியெல்லாம் தங்கூசி (நைலோன் மீன்பிடி நூல்) துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டார்; ஊர்ப் பெடியள் மாதத்தில் ஒருநாள் சேர்ந்து துப்புரவாக்குகிறார்களாம், நாங்கள் கொடுக்கும் காசில்தான் சாக்கும் கையுறையும். ஐந்து பேருக்கு ஒரே தொலைநோக்கி என்பது மட்டும் குறை. உங்களிடம் இருந்தால் கொண்டுபோங்கள். அப்புறம், ஒரு வெறும் சாக்கும்.