190 ரூபா இரும்புப்பட்டை கார் செட்டு, வாங்கலாமா?

பாப்பாவுக்கு ரெண்டாங்கிளாஸ் பரீட்சை முடிஞ்சு லீவு விட்டாச்சு, கையில போனக் குடுக்காம ஒரு வாரமாவது ஓட்டணும்னு தேடிட்டு இருந்தப்பதான் போல்ட்டு நட்டு போட்டுப் பிள்ளைங்களே கார் மாட்டுற இந்த செட்டு கண்ணுல பட்டுச்சு. மதுரை டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன பொம்மைக் கடை, கண்ணாடி அலமாரில கீழ்த்தட்டுல கெடந்துச்சு. பெட்டில 240 போட்டிருக்கு, 190க்குக் குடுத்தாரு. உள்ள ஓட்டை போட்ட இரும்புப் பட்டைங்க, அடில வைக்கிற தகடு ஒன்னு, எல் மாதிரி வளைஞ்ச குட்டித் துண்டுங்க, ரெண்டு அச்சுக் கம்பி, ரப்பர் மாட்டுன நாலு சக்கரம், தகட்டுலயே வெட்டுன ஒரு ஸ்பேனர், ஒரு சின்ன ஸ்க்ரூட்ரைவர். மொத்தம் 74 பீஸ், அதுல பாதிக்கு மேல போல்ட்டும் நட்டும்தான்.

வாங்கலாம். தாராளமா வாங்கலாம், ஆனா பெட்டியப் பிள்ளை கையில குடுத்துட்டு நீங்க வேற வேலையப் பாக்கப் போயிடாதீங்க, முதல் தடவ கூட உக்காந்தே ஆகணும்.

ஏன்னா இதுல வர்ற படம் போட்ட பேப்பர் ரொம்ப மோசம். ஒரே தாள்ல பன்னெண்டு மாடல அடைச்சு வெச்சிருக்காங்க, எந்த ஓட்டைல எந்த போல்ட்டு போகுதுன்னு தெரியவே இல்ல, ஓட்டைய எண்ணிப் பாக்கலாம்னா பிரிண்ட் அப்பிக் கெடக்கு. நான் போன்ல போட்டோ எடுத்து ஜூம் பண்ணித்தான் பாப்பாகிட்ட காட்டுனேன். இன்னொன்னு, ரெண்டு மூணு பட்டையோட ஓரத்துல பிசிறு இருந்துச்சு, விரல்ல லேசா கீறுச்சு. உப்புத்தாள் வெச்சு ஒரு தேய் தேய்ச்சா சரியாப் போகுது, ஆனா பிள்ளை தொடுறதுக்கு முன்னாடி நீங்க எல்லாப் பட்டையையும் ஒரு தடவ தடவிப் பாத்துருங்க. 190 ரூபா சாமான்னாலும் பிசிற எடுத்துட்டு அனுப்பணும்ல, அது கம்பெனிக்காரங்க செய்ய வேண்டிய வேல.

முதல் நாள் கார் ஓடவே இல்ல. தள்ளுனா சக்கரம் சுத்தாம இழுத்துட்டு வருது, பாப்பாவுக்கு அழுகையே வந்துருச்சு. பிரிச்சுப் பாத்தா தப்பு செட்டுல இல்ல, நாங்க மாட்டுன முறையில இருந்துச்சு. ஒவ்வொரு போல்ட்டையும் போட்ட உடனேயே நல்லா இறுக்கிட்டோம், அதனால சட்டம் கோணிக்கிச்சு, ரெண்டு பக்கமும் அச்சுக்கான ஓட்டை நேருக்கு நேரா இல்லாம கம்பி பிடிச்சுக்கிச்சு. மறுநாள் எல்லா நட்டையும் சும்மா ரெண்டு சுத்து மட்டும் போட்டு லூசா விட்டு, அச்சுக் கம்பி ரெண்டையும் உள்ள சொருகி, கம்பி தானா சுத்துதான்னு பாத்துட்டு அப்புறமா ஒவ்வொன்னா இறுக்குனோம். டைல்ஸ் தரையில ஒரு தள்ளு தள்ளுனா ஹால்ல இருந்து அடுப்படி வாசல் வரைக்கும் போச்சு. அப்பவும் லேசா இடது பக்கம் இழுத்துச்சு, முன் அச்சும் பின் அச்சும் ஒன்னுக்கொன்னு நேரா இல்லாததுதான் காரணம், அதையும் ஒரு பக்கம் ரெண்டு நட்டைத் தளத்திச் சரி பண்ணோம். இந்த விஷயம் அந்தப் பேப்பர்ல ஒரு வரி கூட இல்ல, இதப் போட்டிருந்தாலே பாதிப் பிள்ளைங்க பாதில தூக்கிப் போட மாட்டாங்க.

எனக்கு இந்த செட்டு மேல பிரியம் வந்தது வேற ஒரு எடத்துல. பாப்பா போல்ட்டு தலைய மேல இருந்து திருப்பிட்டு இருந்தா, நட்டு கீழ இருக்கு, குனிஞ்சு கீழ இருந்து நட்டைத் திருப்பிப் பாத்துட்டு, "அப்பா, மேல ஒரு பக்கம் திருப்புறேன், கீழ மட்டும் ஏன் எதிர்ப்பக்கம் போற மாதிரி தெரியுது"ன்னு கேட்டா. நான் விடைய சொல்லல, ஒரு கடிகாரத்தைக் கையில குடுத்து, அதுக்குப் பின்பக்கமா நின்னு பாக்க முடிஞ்சா முள்ளு எப்படிச் சுத்துற மாதிரி தெரியும்னு யோசிக்கச் சொன்னேன், பத்து நிமிஷம் அப்படியே உக்காந்திருந்தா. இடது கையில ஸ்பேனர அசையாமப் பிடிக்கணும், வலது கையில திருப்புளி சுத்தணும், ரெண்டு கையும் வேற வேற வேல செய்யணும். ஒட்டி அமுக்குற பிளாஸ்டிக் கட்டை செட்டும் வீட்ல இருக்கு, அது அழகு, ஆனா சட்டுனு மாட்டிரும், சட்டுனு கழண்டிரும், இந்த மாதிரி கேள்வி அதுல வந்ததே இல்ல.

இந்த ஐடியா ரொம்பப் பழசு. லிவர்பூல்ல ஃபிராங்க் ஹார்ன்பின்னு ஒருத்தர் தன் பசங்களுக்காகத் தகட்ட வெட்டி கிரேன், பாலம்லாம் செஞ்சு பாத்து 1901ல பேட்டன்ட் வாங்குனாரு, அப்புறம் மெக்கானோன்னு உலகம் பூரா போச்சு. எல்லா ஓட்டையும் ஒரே இடைவெளில போட்டா எந்தத் துண்டையும் எதோட வேணா மாட்டலாம்ங்கிறதுதான் அவரு கண்டுபிடிச்ச சூட்சுமம். அதுல அரை இஞ்சு. நம்ம செட்டையும் ஸ்கேல் வெச்சு அளந்தேன், கிட்டத்தட்ட அதே அரை இஞ்சுதான். கார் சலிச்சுப் போனதும் பாப்பா அதே பட்டைய வெச்சு ஒரு ஏத்தம் மாதிரி செஞ்சா, அது பேப்பர்லயே இல்லாத மாடல்.

வாங்குறப்ப ஒன்னு மட்டும் பாருங்க. 2021 ஜனவரி 1ல இருந்து நம்ம நாட்ல பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெட்டில அந்த முத்திரையும் அதுக்குக் கீழ சிஎம்/எல்னு ஆரம்பிக்கிற நம்பரும் இருக்கும், அந்த முத்திரையக் குடுக்குற அரசு அமைப்போட பிஐஎஸ் கேர் ஆப்ல நம்பரப் போட்டா யாரு பேர்ல இருக்குன்னு காட்டும். நான் கடையில நின்னே போட்டுப் பாத்துட்டுத்தான் காசு குடுத்தேன். ரோட்டோரக் கடையில கவர்ல போட்டு இன்னும் கம்மி வெலைக்கு இதே மாதிரி கெடைக்குது, எந்த முத்திரையும் கெடையாது, பிள்ளைங்க வாயில வைக்கிற பெயின்ட் விஷயத்துல அம்பது ரூபா மிச்சம் பிடிக்க எனக்கு மனசு வரல. மூணு வயசுக்குக் கம்மியா வீட்ல இன்னொரு குழந்தை இருந்தா இப்போதைக்கு வேணாம், நட்டு தொண்டைக்குள்ள போற சைஸு. எங்க பெட்டில 6 வயசுக்கு மேலன்னு போட்டிருக்கு, அது சரிதான், ஏழுன்னா இன்னும் நல்லது.

எவர்சில்வர் தட்டுல எல்லாத்தையும் கொட்டி வெச்சு வேல செய்யுங்க, நட்டு உருண்டு ஓடாது. சோபாவுக்கு அடியில போனதப் பழைய ஸ்பீக்கர் காந்தத்த வெச்சு எடுத்தோம். அப்படியும் நாலு நாள்ல ரெண்டு நட்டு காணாமப் போச்சு, ஒன்னுல மரை சரியில்லாம போல்ட்டே ஏறல. போல்ட்ட எடுத்துட்டு தெரு முக்கு ஹார்டுவேர் கடைக்குப் போனேன், எங்க செட்டுக்கு எம்4 நட்டு, அதாவது 4 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு உள்ளது, கச்சிதமாப் பொருந்துச்சு. நீங்களும் ஒரு பத்து நட்டு சேத்து வாங்கி அந்தப் பெட்டிலயே போட்டு வெச்சிருங்க.