துணியைப் படிக்க எங்கே போவது: அகமதாபாத், தரமணி, கோவை, சேலம்

பிளஸ் டூ படிக்கும் மகளுக்கு நன்றாக வரைய வருகிறது, துணிமணிகள் மீது ஆர்வமும் இருக்கிறது, ‘டெக்ஸ்டைல் டிசைன்’ படிக்க வைக்கலாமா என்று பெற்றோர் கேட்கும்போது, அவர்கள் மனத்தில் இருப்பது பெரும்பாலும் பூவும் மாங்காயும் வரைந்து சேலையில் ஏற்றும் வேலை. அது இந்தப் படிப்பின் ஒரு மூலைதான். எந்த இழையை எடுப்பது, அதை எத்தனையாம் நம்பர் நூலாக வாங்குவது, பாவில், அதாவது நீளவாட்டு நூலில், அங்குலத்துக்கு எத்தனை இழை வைப்பது, குறுக்கே ஓடும் ஊடையை எந்த வரிசையில் ஓட்டுவது, சாயத்தை நூலிலேயே ஏற்றுவதா நெய்து முடித்த துணியில் ஏற்றுவதா என்று துணியையே தீர்மானிப்பதற்குப் பெயர்தான் ஜவுளி வடிவமைப்பு. இதைக் கற்பதற்குத் தமிழ்நாட்டு மாணவர் முன்னே சில வழிகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் இந்த வேலையின் வேறொரு பாதியைச் சொல்லித் தருகிறது என்பதுதான் தேர்வைக் கடினமாக்குகிறது.

அந்த இரண்டு பாதிகளும் எங்கே சந்திக்கின்றன என்பதற்கு ஓர் எளிய கணக்கைச் சொல்கிறேன். ஒரு மாணவி மூன்று அங்குல அகலத்தில் ஓர் அன்னத்தை வரைகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பாவில் அங்குலத்துக்கு 100 இழை என்றால், அந்த அன்னம் துணியில் விழுவதற்கு 300 இழைகள் தனித்தனியே எழுந்து தாழ வேண்டும். தறியின் மேல் பூட்டியிருப்பதோ 240 கொக்கி ஜக்கார்டு, அதாவது உருவத்துக்கேற்ப இழைகளைத் தேர்ந்து தூக்கும் கருவி. ஒரு கொக்கி ஓர் இழையைத் தூக்கும்படி அமைத்த தறிக்கட்டில், உருவம் 2.4 அங்குலத்துக்கு மேல் விரியாது. அன்னத்தைச் சுருக்கலாம்; அல்லது இரண்டு இழைகளை ஒரே கொக்கியில் கட்டி, வளைவான கழுத்து படிக்கட்டுபோல் தெரிவதை ஏற்றுக்கொள்ளலாம்; அல்லது ஓர் அன்னத்துக்குப் பதிலாக ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு சிறிய அன்னங்களாக மாற்றி, தறிக்கட்டைக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி, 150 கொக்கியிலேயே மூன்று அங்குலத்தையும் நிரப்பலாம். மூன்றாவது யோசனை தாளின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு எளிதில் தோன்றாது. தறிக்கு அடியில் குனிந்து தறிக்கட்டைப் பார்த்தவருக்கே தோன்றும். அதேபோல், ஜக்கார்டு கட்டத் தெரிந்தும் கோடு வரைந்து பழகாதவருக்கு, அந்த இரண்டு அன்னங்களுக்கும் நடுவில் எவ்வளவு வெற்றிடம் விட்டால் கண்ணுக்கு இதமாக இருக்கும் என்பது தெரியாது. ஒரு கல்வி நிறுவனத்தை எடைபோட நான் பயன்படுத்தும் அளவுகோல் இதுதான்: நான்கு ஆண்டுகளில் மாணவரின் கை எத்தனை மணி நேரம் தறியிலும் சாயத்தொட்டியிலும் இருக்கிறது, எத்தனை மணி நேரம் தாளில் இருக்கிறது.

பட்டத்தின் பெயரை முதல் அளவுகோலாக வைப்பது பொருந்தாது. அகமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகம், அதாவது என்.ஐ.டி., 2014-ஆம் ஆண்டுச் சட்டம் வரும் வரை பட்டம் வழங்கவில்லை, பட்டயம்தான் வழங்கியது. அந்தப் பட்டயத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தவர்கள்தான் இந்திய ஜவுளி வடிவமைப்பில் பெரும் பணிகளைச் செய்திருக்கிறார்கள்.

அந்த அகமதாபாத்திலிருந்தே தொடங்கலாம். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் 1958-இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, கௌதம் சாராபாய், கீரா சாராபாய் ஆகியோரின் முயற்சியில் 1961-இல் உருவான நிறுவனம் அது. சாராபாய் குடும்பம் காலிகோ மில்லை நடத்திய குடும்பம். 1949-இல் தொடங்கப்பட்ட காலிகோ ஜவுளி அருங்காட்சியகமும் அதே ஊரில்தான் இருக்கிறது. புத்தகங்களில் படமாகவே பார்த்துவந்த பட்டோலா, கலம்காரி போன்ற பழந்துணிகளை நேரில் பார்க்க வாய்ப்பிருப்பது ஒரு மாணவருக்குச் சாதாரணமான விஷயம் அல்ல. இங்கே முதலாண்டு எல்லாத் துறையினருக்கும் பொதுவான அடித்தளப் பாடம். அதன் பிறகே ஜவுளித் துறை. பின்லாந்திலிருந்து வந்து இங்கே நெசவு கற்பித்த ஹெலெனா பெர்ஹென்டுபா போன்றவர்கள் இட்ட வழியில், மாணவர் தாமே பாவு ஓட்டி, இழையைத் தூக்கும் கண்ணிகளான விழுதில் இழை கோத்து, தறியின் சீப்பான அச்சில் வாங்கி, மாதிரித் துணி நெய்து பார்த்துத்தான் வடிவமைக்க வேண்டும் என்ற பழக்கம் இங்கே வேரூன்றியிருக்கிறது. 1970-களில் ராஜஸ்தானின் ஜவாஜா பகுதி நெசவாளர்களோடும் தோல் தொழிலாளர்களோடும் இந்நிறுவனம் சேர்ந்து பணியாற்றியதும் அந்தப் பழக்கத்தின் நீட்சிதான். நான் சொன்ன இரண்டு பாதிகளும் ஓரளவுக்கேனும் சமமாகக் கிடைக்கும் இடம் இந்தியாவில் இதுதான் என்பது என் கருத்து. இடங்கள் மிகக் குறைவு, தேர்வு கடுமை, செலவும் கணிசம், வீடும் மொழியும் தொலைவு. இத்தனைக்கும் பிறகு இடம் கிடைத்தால், தயங்காமல் அனுப்ப வேண்டும். ஆந்திராவில் உள்ள என்.ஐ.டி.யிலும் ஜவுளி, ஆடை வடிவமைப்புப் பாடம் உண்டு. தொலைவை நினைத்து அஞ்சும் குடும்பங்கள் அதையும் விண்ணப்பத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

சென்னையிலேயே இருக்க வேண்டும் என்பவர்களின் கண் தரமணிக்குப் போகிறது. நிஃப்ட் என்று அழைக்கப்படும் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் 1986-இல் டெல்லியில் தொடங்கப்பட்டு, 1995-இல் சென்னைக்கு வந்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பட்டம் வழங்கும் உரிமை பெற்றது. இங்கே ஜவுளி வடிவமைப்பு நான்காண்டு பி.டெஸ். (வடிவமைப்பு இளநிலை) பட்டம்; பின்னலாடை வடிவமைப்புக்குத் தனிப் பட்டம் உண்டு, இரண்டையும் ஒன்றென நினைத்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தறித்துணி என்பது பாவும் ஊடையும் குறுக்கே கடப்பது. பின்னல்துணி என்பது கண்ணி கண்ணியாகக் கோத்து வருவது. திருப்பூரை நோக்கிப் போக விரும்புகிறவர் இரண்டாவதைப் படிப்பதே பொருத்தம், கரூரின் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதியை நோக்கிப் போகிறவருக்கு முதலாவது. நிஃப்ட்டின் பெரிய பலம் சந்தையோடு அதற்கு உள்ள நெருக்கம். ஒரு பருவத்துக்கான நிறத் தொகுப்பை எப்படி முன்கூட்டியே தீர்மானிப்பது, அயல்நாட்டு வாங்குபவருக்கு மாதிரிகளை எப்படி அடுக்கிக் காட்டுவது, ஒரே கருவிலிருந்து திரைச்சீலை, படுக்கைவிரிப்பு, தலையணை உறை என்று ஒரு தொகுதியை எப்படி விரிப்பது என்பதெல்லாம் அங்கே நன்றாகவே பழக்கப்படுகின்றன. கைத்தொழில் ஊர்களுக்கு மாணவர்களை அனுப்பி, தங்கவைத்து, ஆவணப்படுத்தச் செய்யும் திட்டமும் பாராட்டுக்குரியது. ஆனால், சில வாரம் ஓர் ஊரில் தங்கிக் குறிப்பெடுப்பது வேறு, அந்த ஊரின் துணியை நெய்யக் கற்பது வேறு. காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலைக்கு ஊடை நூலை ஓட்டும் நாடா மூன்று ஏன் வேண்டும், கரையும் உடலும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும்போது ஒவ்வோர் ஊடைக்கும் இழைகளைக் கோத்து வாங்க இன்னொருவர் ஏன் துணைக்கு உட்கார வேண்டும், அதனால் ஒரு சேலைக்கு எத்தனை நாள் கூடுகிறது என்பதைப் புகைப்படம் எடுத்துத் தெரிந்துகொள்ள முடியாது. தரமணியில் படிக்கிறவர் விடுமுறைகளை அப்படி ஒரு தறியடியில் கழிப்பாரானால், அந்தக் குறை பெருமளவு தீரும். நான்காண்டுக் கட்டணம் மட்டுமே பத்து லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடும் என்பதைக் குடும்பம் முதலிலேயே கணக்கில் எடுக்க வேண்டும். நுழைவுத்தேர்வின் பொதுத்திறன் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வருகிறது. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இது உண்மையான தடை. வரையும் கையை நம்பியிருக்கும் மாணவர் இந்தத் தாளுக்கும் ஓராண்டு முன்பிருந்தே உழைத்தாக வேண்டும்.

பொறியியல் வழி முற்றிலும் வேறானது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி 1944-இல் அழகப்பச் செட்டியாரின் நன்கொடையால் உருவானது, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-இல் தொடங்கியது. இரண்டிலும் ஜவுளித் தொழில்நுட்பம் பி.டெக். பட்டமாக இருக்கிறது, நூற்பு, நெசவு, பதனிடல், சாயம், தரச்சோதனை என்பன அதன் உடல். ஒரு பவுண்டு எடையில் 840 கஜச் சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றன என்பதே பருத்தி நூலின் நம்பர் என்பதையும், 40-ஆம் நம்பரிலிருந்து 80-க்குப் போனால் துணியின் கனமும் விலையும், அது மடிந்து விழும் விதமும் எப்படி மாறும் என்பதையும் இங்கே படித்தவர் தூக்கத்தில்கூடச் சொல்வார். துணி அமைப்பு என்ற பாடத்தில் ஒரு துண்டுத் துணியை இழை இழையாகப் பிரித்துப் பார்த்து, அதன் நெசவைக் கட்டத்தாளில் எழுதிக் காட்ட வேண்டும். வடிவமைப்புக் கல்லூரிகளில்கூட இவ்வளவு அழுத்தம் கொடுத்துச் செய்யாத பயிற்சி இது. கோவையில் படித்தால், 1956-இல் அமைந்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும், சுற்றிலும் நூற்பாலைகளும், சோமனூர் விசைத்தறிகளும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கின்றன.

நிறத்தைப் பற்றிய அறிவில்தான் இந்த வழியின் அருமை எனக்கு அதிகம் புலப்படுகிறது. பருத்தியில், இழையோடு வேதிமுறையில் பிணையும் ரியாக்டிவ் சாயத்தை ஆழ்ந்த நீலமாகவோ கறுப்பாகவோ ஏற்ற, லிட்டர் நீருக்கு 60 முதல் 100 கிராம் வரை உப்பு தேவைப்படலாம். வெளிர் நிறத்துக்கு அதில் ஒரு சிறு பகுதியே போதும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரில் வெளியேறும். 2011 ஜனவரியில், நொய்யலாற்று மாசு வழக்கில், கழிவுநீரை அறவே வெளிவிடாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதன் பின்னணியில் இந்த உப்பும் இருந்தது. ஒரு தொகுப்புக்குக் கறுப்பைத் தேர்ந்தெடுப்பவர், ஆற்றுக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் சேர்த்து ஒரு முடிவை எடுக்கிறார். பி.டெக். மாணவருக்கு இது பாடம். வடிவமைப்பு மாணவர் தாமே தேடிக் கற்க வேண்டிய ஒன்று. வடிவமைப்புப் பாடத்திட்டங்களில் இதற்கு இன்னும் பெரிய இடம் தரப்பட வேண்டும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

ஆனால் பி.டெக். படிப்பவருக்கு வரையவோ, நிறங்களை அருகருகே வைத்துப் பார்க்கவோ, தவறான நூறு மாதிரிகளைச் செய்து தூக்கிப் போடவோ காலம் கிடையாது. அவரை ஆலை ஆவலோடு வரவேற்கும், உற்பத்தியிலும் தரக் கட்டுப்பாட்டிலும் உட்காரவைக்கும். வடிவமைப்பு மேசைக்கு வருவதற்கு அவர் கூடுதலாக ஏதாவது செய்தாக வேண்டும். தரமணியா கோவையா என்று கேட்கும் மாணவரிடம் நான் ஒன்றைக் கேட்பேன்: ஓய்வு நேரத்தில் உன் கை பென்சிலைத் தேடுகிறதா, பழைய சேலையின் ஓரத்தைப் பிரித்துப் பார்க்கிறதா? பிரித்துப் பார்க்கிறவர் கோவைக்குப் போய், பிறகு வடிவமைப்பில் முதுகலை படிப்பது நல்ல பாதை. எதிர்த்திசையில் போவது, அதாவது வடிவமைப்பு படித்துவிட்டுப் பிறகு ஜவுளித் தொழில்நுட்பத்தில் எம்.டெக். சேர்வது, கணிதமும் வேதியியலும் பிளஸ் டூவோடு நின்றுவிட்டதால் அநேகமாக நடப்பதில்லை. செலவிலும் அரசு, அரசு உதவிபெறும் இடங்களில் கிடைக்கும் பொறியியல் படிப்பு பல மடங்கு எளிது.

சேலத்தை மறந்துவிடுகிறார்கள், அதனாலேயே அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். மத்திய அரசின் கைத்தறி வளர்ச்சி ஆணையரின் கீழ் 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தில் மூன்றாண்டு டிப்ளமோ இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடித்தவரே சேரலாம். நான் முதலில் சொன்ன அளவுகோலில், தறியில் கை இருக்கும் நேரத்தை மட்டும் எண்ணினால், மற்ற எல்லா இடங்களையும் இது முந்தும். குழித்தறி, சிறு உருவங்களுக்கான டாபி, ஜக்கார்டு, அட்டை துளைப்பது, சாயமேற்றுவது என எல்லாம் கையால் செய்துபார்க்கும் படிப்பு. சென்னிமலையிலோ பவானியிலோ ஆரணியிலோ தறியுள்ள வீட்டில் பிறந்த பிள்ளைக்கு, வீட்டிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. மீதியை முறையாகக் கற்க இதைவிடக் குறைந்த செலவில் ஒரு வழி இல்லை. டிப்ளமோ முடித்தவர்கள் பி.டெக். இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரும் வாய்ப்பும் இருப்பதால், பட்டம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் தேவையில்லை. வரைகலைப் பயிற்சி இங்கே குறைவு என்பது உண்மை. அதை வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வரைகலையே முதன்மை, வசதி இல்லை என்கிறவருக்கு எழும்பூர் இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய ஓவியப் பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி. அங்கே ஜவுளி வடிவமைப்பு பி.எஃப்.ஏ. (கவின்கலை இளநிலை) பட்டத்தில் ஒரு துறையாக இருக்கிறது. தமிழ்வழியில் படித்தவர் கூச்சமில்லாமல் நுழையக்கூடிய இடம், கட்டணமும் மிகக் குறைவு. ஓவியர்களும் சிற்பிகளும் பக்கத்து வகுப்புகளில் இருப்பது கண்ணைக் கூர்மையாக்கும். தொழில்துறையோடு உள்ள தொடர்பை மாணவரேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். வேலை வாசல்வரை வந்து அழைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் உள்ள நெசவாளர் சேவை மையங்களுக்கு அடிக்கடி போய் வருவது அதற்கு நல்ல தொடக்கம்.

எந்த வழியானாலும் காலம் ஒரு பெரிய காரணி, அதில்தான் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. பொறியியல் கலந்தாய்வு பிளஸ் டூ முடிவுகளுக்குப் பிறகே தொடங்குகிறது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்ற 200 மதிப்பெண் கட்-ஆஃப் அடிப்படையில் இடம் கிடைக்கிறது. என்.ஐ.டி., நிஃப்ட் முதற்கட்ட நுழைவுத்தேர்வுகளோ பொதுத்தேர்வுக்கு முன்னதாகவே நடந்துவிடுகின்றன, விண்ணப்பம் அதற்கும் சில மாதம் முன்பு. மே மாதத்தில் மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கத் தொடங்குகிறவருக்கு அகமதாபாத்தும் தரமணியும் அந்த ஆண்டுக்கு முடிந்துபோன கதை. கோவையும் சேலமும் எழும்பூரும் மட்டுமே மிஞ்சியிருக்கும். ஆகவே பதினொன்றாம் வகுப்பு விடுமுறையிலேயே, மகளை அழைத்துக்கொண்டு பக்கத்தில் தறி ஓடும் ஊர் ஒன்றுக்குப் போய், ஒரு முழு நாள் தறியடியில் உட்காரவையுங்கள். மாலையில் அவள் குறிப்பேட்டில் இருப்பது சேலையின் படமா, தறிக்கட்டின் படமா என்று பார்த்துவிட்டு விண்ணப்பங்களை நிரப்பலாம்.