உறைவா, கிழிசலா, குறுக்கமா: பிரபஞ்சம் எப்படி முடியும்?

1998 வரை கேள்வி எளிமையாக இருந்தது. பெருவெடிப்பில் விரியத் தொடங்கிய பிரபஞ்சத்தை ஈர்ப்பு விசை பின்னுக்கு இழுக்கிறது. போதிய பொருள் இருந்தால் விரிவு நின்று, எல்லாம் திரும்ப வந்து நெரியும்; இது பெருங்குறுக்கம். இல்லையென்றால் விரிந்துகொண்டே போகும். அந்த ஆண்டு, தொலைதூரச் சூப்பர்நோவாக்களை, அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்களை, அளந்த இரண்டு குழுக்கள் விரிவின் வேகம் கூடிக்கொண்டிருப்பதைக் கண்டன. தள்ளுகின்ற அந்த ஏதோவொன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர். பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் ஏறத்தாழ 68 விழுக்காடு அதுதான். அது காலப்போக்கில் மாறுமா என்பதில்தான் இன்று முடிவுகளுக்கு இடையிலான போட்டியே அடங்கியிருக்கிறது.

மாறாது என்றால், பேருறைவு. கோடி கோடி ஆண்டுகளில் புதிய விண்மீன்கள் பிறப்பது ஓய்ந்துவிடும். எஞ்சும் கருந்துளைகளும் நிலைப்பதில்லை. 1974இல் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டியபடி, அவையும் கதிர்வீசித் தேயும். மிகப் பெரியவை மறைவதற்கு, 1க்குப் பின் 100 சுழியங்கள் இட்டால் வரும் அளவுக்கு ஆண்டுகள் ஆகலாம். அதன்பின் எங்கும் ஒரே குளிர். வெப்ப வேறுபாடு இல்லாத இடத்தில் எதுவும் நிகழ முடியாது. முடிவுகளிலேயே என்னை அதிகம் கலங்கவைப்பது இதுதான். சான்றுகளின் பலமும் இதன் பக்கம்தான் இருக்கிறது.

இருண்ட ஆற்றல் வலுத்துக்கொண்டே போனால், பெருங்கிழிசல். 2003இல் இயற்பியலாளர் ராபர்ட் கால்டுவெல்லும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டார்கள். அதன்படி சுமார் 2200 கோடி ஆண்டுகளில் எல்லாம் முடியும். முடிவுக்கு 6 கோடி ஆண்டுகள் இருக்கும்போது பால்வெளி மண்டலம் சிதறும். சூரியக் குடும்பம் அதுவரை இருந்தால், 3 மாதங்கள் இருக்கும்போது கோள்கள் கட்டவிழும். 30 நிமிடங்கள் இருக்கும்போது பூமி உடையும். கடைசிக் கணத்தில் அணுக்களே கிழியும். மனத்தை உலுக்கும் வரிசை இது. ஆனால் அந்தக் கணக்கு எடுத்துக்கொண்ட அளவுக்கு மூர்க்கமான இருண்ட ஆற்றலை இன்றைய அளவீடுகள் ஏற்பதில்லை.

இந்தப் போட்டிக்கு வெளியே நிற்பது வெற்றிடச் சிதைவு. அடிப்படைத் துகள்களுக்கு நிறை தரும் ஹிக்ஸ் புலம் இன்னும் தாழ்ந்த ஆற்றல் நிலைக்கு எங்கேனும் சரிந்தால், அங்கிருந்து ஒரு குமிழி ஏறத்தாழ ஒளிவேகத்தில் பரவி இயற்பியல் விதிகளையே மாற்றிவிடும். கணக்கில் இடமுண்டு, காத்திருக்க வேண்டிய காலமோ கற்பனைக்கு எட்டாதது.

இருண்ட ஆற்றல் தளர்ந்தால்? அரிசோனாவின் கிட் பீக் மலையிலுள்ள, பிரபஞ்ச விரிவை அளக்கும் டெசி கருவி, ஏறத்தாழ 1.5 கோடி விண்மீன் திரள்களையும் குவாசர்களையும் (மிகப் பிரகாசமான திரள் மையங்கள்) கொண்டு 2025இல் வெளியிட்ட முடிவுகளில், வேறு அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தபோது, அப்படியொரு சாயல் தென்பட்டது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவையான, 5 சிக்மா எனப்படும் புள்ளியியல் உறுதியை அது எட்டவில்லை. மேலும், தளர்ந்தால் மட்டும் குறுக்கம் வந்துவிடாது. தள்ளும் ஆற்றல் இழுக்கும் ஆற்றலாகவே மாற வேண்டும். இருந்தாலும் வாய்ப்பின் வரிசையில் பெருங்குறுக்கத்தை இப்போது இரண்டாம் இடத்தில் வைக்கிறேன். பத்தாண்டுகளுக்கு முன் கேட்டிருந்தால் கடைசியில் வைத்திருப்பேன்.