பொருளோடு சொல் சேர்ப்போருக்கு: ஸ்கிராபிள் அகராதியின் ஏழாம் பதிப்பு

எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொற்கள் அமைக்கும் விளையாட்டான ஸ்கிராபிள் ஆடுவதற்குச் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே அம்மொழியின் சொற்பட்டியலை மனப்பாடம் செய்து, 2015-இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் பட்டத்தை வென்றார். அத்தகைய நினைவாற்றல் வாய்க்காத என்னைப் போன்றவர்களுக்குப் பொருள் புரிந்தால்தான் சொல் மனத்தில் தங்கும். மெரியம்-வெப்ஸ்டர் நிறுவனம் 2022-இல் வெளியிட்ட 'அஃபிஷியல் ஸ்கிராபிள் பிளேயர்ஸ் டிக்‌ஷனரி' ஏழாம் பதிப்பை அந்த எதிர்பார்ப்புடனேயே வாங்கினேன்.

இரண்டு முதல் எட்டு எழுத்து வரையிலான ஒரு லட்சத்துக்கும் அதிகமான சொற்கள் இதில் உள்ளன. சொல்லின் வகை, அது ஏற்கும் வடிவங்கள், ஒரு வரிப் பொருள் ஆகியவற்றோடு பதிவு முடிந்துவிடுகிறது. உச்சரிப்பும் இல்லை, சொல்லின் பிறப்பிடமும் இல்லை. வழக்கமாகத் துணைக்கு வரும் யூ இல்லாமல் கியூ எழுத்து மட்டும் கையில் சிக்கித் தவிக்கும்போது, உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல்லான 'சீ' (கியூ, ஐ), மத்தியக் கிழக்கின் நிலத்தடி நீர்ச்சுரங்கமான 'கனாத்', நமக்குப் பழக்கமான 'பக்கீர்' ஆகியவற்றை நினைவில் பதித்துக்கொள்ள இந்த ஒரு வரி போதுமானது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டாகும் கரடுமுரடான பாறையைக் குறிக்கும் ஹவாய்ச் சொல், இரண்டு ஏ எழுத்துகளால் மட்டுமே ஆனது என்பதையும் ஒருமுறை படித்தவர் மறக்க மாட்டார்.

ஆனால் சி, டபிள்யூ, எம் என்ற மூன்றெழுத்துச் சொல்லை எடுத்துக்கொண்டால் நூலின் குறை தெரிகிறது. உயிரெழுத்தே வராத கையைக் காப்பாற்றும் இச்சொல்லுக்கு, மலைச்சரிவின் கிண்ணம் போன்ற பள்ளத்தைக் குறிக்கும் 'சர்க்' என்ற இன்னோர் அரிய சொல்லையே பொருளாகத் தருகிறார்கள்; அதைப் புரிந்துகொள்ள மீண்டும் பக்கம் புரட்ட வேண்டும். இச்சொல்லைத் தந்த வெல்ஷ் மொழியில் டபிள்யூ உயிரெழுத்தாகவும் ஒலிக்கும் என்றும், இதைக் 'கூம்' என்று சொல்ல வேண்டும் என்றும் ஒரு குறிப்பு இருந்திருந்தால், எவரெஸ்ட் ஏறுவோர் கடந்து செல்லும் 'வெஸ்டர்ன் கூம்' இதுதான் என்பது யாருக்கும் உடனே விளங்கியிருக்கும்.

புதிதாகச் சேர்ந்த ஏறக்குறைய 500 சொற்களில், வரிக்குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்த 'ஸீடாங்க்' எனக்குப் பிடித்தது. மற்றவற்றுள் பல இணையப் பேச்சுவழக்கு.

வாங்குமுன் கவனிக்க வேண்டியது ஒன்று: இது வட அமெரிக்காவில் வீட்டிலும் பள்ளியிலும் ஆடுவோருக்கான நூல். இந்தியாவில் நடைபெறும் போட்டிகள் காலின்ஸ் என்ற வேறொரு சொற்பட்டியலையே பின்பற்றுகின்றன; அங்கே செல்லுபடியாகும் 'சி, ஹெச்', 'இசட், ஓ' போன்ற ஈரெழுத்துச் சொற்கள் இதில் கிடையாது. போட்டிக்குத் தயாராகிறவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. வீட்டில் குழந்தைகளோடு ஆடுகிறவர் தயங்காமல் வாங்கலாம்.

அப்படி ஆடும்போது 'தோசை' என்று அடுக்கினால் எதிராளி மறுக்க முடியாது, அச்சொல்லும் இதில் உண்டு. ஆனால் இந்த அகராதியின் கணக்கில் ஒன்று என்றால் 'தோசா', பல என்றால்தான் 'தோசை'.